நான் உன்னைக் கட்டிப்பிடித்த தேதி

மந்தைவெளி, சென்னை-28
17-1-1996

ஹெப்சிபாவுக்கு,

சுகிர்தா எழுதுவது. எந்த சுகிர்தா என்று யோசிக்காதே. தி. நகர் வேலை பார்க்கும் பெண்கள் ஹாஸ்டலில் ஒன்பதாம் நம்பர் அறை. ஜன்னலோரக் கட்டில் உனக்கு, கதவோரக் கட்டில் எனக்கு. அந்த சுகிர்தா.

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறவள் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. போன சனிக்கிழமை எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், ஊழியக் கூட்டத்தில் நீ சொன்ன சாட்சி காசெட்டைப் போட்டார்கள். அன்றைக்கு டீ ஊற்றுகிற முறை என்னுடையது. 'வாலிப நாட்களில் நான் செய்த ஒரு துரோகம்' என்று நீ ஆரம்பித்தபோது கெட்டிலோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நன்றாகச் சொல்கிறாய். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்றெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறாய். ஆனால் சிலதை விட்டுவிட்டாய். உமர் ஃபாரூக் உனக்கு எழுதிய கடிதங்கள் ஏன் என் பெயருக்கு வந்தன என்று சொல்லவில்லை. உன் அண்ணன் உன் தபாலை எல்லாம் பிரித்துப் படிக்கிறார் என்று நீ அழுதாய். 'உன் பேரைக் கொஞ்ச நாளைக்குக் கடன் குடு சுகி' என்றாய். கொடுத்தேன். மேட்ரன் நம் அறை அலமாரியைத் திறந்து கடிதக் கட்டை எடுத்தபோது உறை முழுக்க என் பெயர். உள்ளே 'கண்ணே' தவிர வேறு பெயரே இல்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு 'எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்' என்றாய். திருச்சியிலிருந்து அப்பா ஓடி வந்து, விசிட்டர்ஸ் ரூமில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னாய். அதுவும் காசெட்டில் இல்லை.

இதெல்லாம் போகட்டும். கடைசியில் ஒன்று சொன்னாய் பார். 'அந்தச் சகோதரியைத் தேடிப் போனேன். அவள் காலில் விழுந்தேன். அவள் என்னைத் தூக்கிக் கட்டிப்பிடித்து, உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன் ஹெப்சி என்றாள்.' கூடம் முழுக்க அழுகை. தலைவியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, 'எவ்வளவு பெரிய மனசு பாரு அந்தப் பிள்ளைக்கு' என்றார்கள். என்னிடம்தான் சொன்னார்கள். நான் அவர்களுக்கு இன்னொரு டீ ஊற்றினேன்.

தேதியைச் சொல், ஹெப்சி. நான் உன்னைக் கட்டிப்பிடித்த தேதி. எனக்கு ஞாபகம் இல்லை.

பாளையங்கோட்டை மாப்பிள்ளை வீட்டார் நிச்சய மோதிரத்தை ரிஜிஸ்டர் தபாலில் திருப்பி அனுப்பியதற்காக இப்போது அழப்போவதில்லை. முப்பத்தாறு வயதாகிறது, டைப்பிஸ்ட் உத்தியோகம் இருக்கிறது, பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. அப்பா ரிட்டயர் ஆனதும் என்னைக் கண்காணிக்கவென்று இங்கே வந்து குடியேறினார். தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். தேசம், மழை, பேராயர், திருச்சியில் இருக்கிற தம்பி குடும்பம் எல்லாம் முடிந்து கடைசியில், 'வழிதப்பிப்போன என் மகளையும், சிநேகிதியின்மேல் பழி போட்ட அவள் நாவையும் உம்முடைய கிருபையினாலே மன்னித்தருளும்' என்பார். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று ஆமென் சொல்வேன். ஒரு நாள் தவறியதில்லை. ஆரம்பத்தில் சண்டை போட்டேன். அப்போதெல்லாம் 'பொய்யையும்' என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அப்பாவுக்கு அறுபத்தொன்பது ஆகிறது. இருதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் நம்பமாட்டார். நீ சொன்னால்தான் உண்டு. வந்து ஒரு தடவை அவரிடம் சொல்லிவிட்டுப் போ. எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

சுகிர்தா வேதமுத்து


அடையாறு, சென்னை-20
25-1-1996

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான சகோதரி சுகிர்தாவுக்கு,

நம் ஆண்டவரின் இனிய நாமத்தில் அன்பின் ஸ்தோத்திரங்கள். இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளைகள் இருவரும் தேவ கிருபையால் சுகமே. உன் சுகத்துக்கும் அங்கிளின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். எத்தனை வருஷமாக உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன் தெரியுமா? நீ மந்தைவெளியில், இத்தனை பக்கத்தில் இருப்பாய் என்று நினைக்கவே இல்லை.

சாட்சியைப் பற்றி நீ மனதைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாதே. மேடையில் நிற்கும்போது நாம் பேசுவதில்லை, சுகி, நம்மைப் பேச வைக்கிறார்கள். முதல் தடவை அதைச் சொன்னபோது 'தேடிப் போனேன்' என்பதோடு நிறுத்திவிட்டேன். ஜனங்கள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் சமாதானம் வரவில்லை. முடிவு இல்லாத சாட்சியைக் கேட்டு யாருக்குப் பிரயோஜனம் என்று உன் மச்சான் சொன்னார். விசுவாசத்தோடு சொல், ஆண்டவர் அதை நடத்துவார் என்றார். நடத்திவிட்டார் பார்த்தாயா? நீயே எழுதிவிட்டாய்!

நம் பாவங்களை எல்லாம் அவர் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார். போட்டதை மறுபடி கிளறுவது சாத்தானின் வேலை. அந்த சாட்சியைக் கேட்டு எத்தனை குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன என்று தெரிந்தால் நீயும் சந்தோஷப்படுவாய்.

பிப்ரவரி 16, 17, 18 மூன்று நாளும் எங்கள் கூட்டம் இருக்கிறது. கடைசி நாள் நீ வர வேண்டும். மேடையில் நாம் இருவரும் சேர்ந்து நிற்போம். ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் நாம் கட்டிப்பிடித்தால் அதைவிடப் பெரிய சாட்சி ஏது? அங்கிளையும் கூட்டி வா. முன்வரிசையில் உட்காரவைக்கிறோம். அவருக்கும் தானாகப் புரிந்துவிடும். கார் அனுப்புகிறேன்.

இத்துடன் எங்கள் ஊழியத்தின் காலண்டர் ஒன்றும் புதிய பாடல் காசெட்டும் அனுப்பியிருக்கிறேன். ஏற்றுக்கொள்.

அவருடைய கிருபையில் நிலைத்திருக்கும்,
உன் சகோதரி
ஹெப்சிபா ஜெயசீலன்


மந்தைவெளி
3-2-1996

ஹெப்சிபாவுக்கு,

காலண்டர் வந்தது. மாட்டிவிட்டேன். ஆணி காலியாக இருந்தது.

கடிதமும் வந்தது. இரண்டு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். நான் கேட்ட தேதி மட்டும் அதில் இல்லை. எப்போதோ நடந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஒன்றை இப்போது நடத்திக் காட்டக் கூப்பிடுகிறாய். கல்யாணப் போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடி தாலி கட்டச் சொல்வதுபோல இருக்கிறது. நான் வரமாட்டேன்.

எல்லாவற்றையும் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார் என்கிறாய். அப்படியென்றால் மாதம் ஒரு தடவை நீயே தூண்டில் போட்டு அதை மேலே தூக்கிக் காட்டுகிறாயே, ஏன்? நான் கிளறினால் சாத்தான், நீ தூக்கினால் ஊழியமா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதிவிட்டுப் போகிறேன். ஹாஸ்டலிலும் நீ அழுவாய், நான் கத்துவேன். அழுகிறவள் பக்கம்தான் எல்லாரும் சாய்வார்கள். ஞாபகம் இருக்கிறதா, மெஸ்ஸில் புழு கிடந்த சாதத்துக்குக்கூட நான்தான் மேட்ரனிடம் போய் நின்று திட்டு வாங்கினேன். நீ பின்னால் நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

யோசித்துப் பார்க்கிறேன், ஹெப்சி. நீ செய்ததற்கு உனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது என்கிறாய். நான் செய்யாததற்கு எனக்குத் தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு மன்னிப்பு கிடைக்கிறது. உன்னுடையதை நீயே எடுத்துக்கொண்டாய். என்னுடையதை அப்பா என் தலையில் கொட்டுகிறார். இரண்டுக்கும் பெயர் கிருபைதான். அப்பாவும் மனதாரத்தான் சொல்கிறார், கண்ணில் தண்ணீர்கூட வரும். ஆனால் இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது எனக்கு மனசு லேசானதில்லை. உனக்கு ஆனதா? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அப்பாவைக் கூட்டத்துக்குக் கூட்டி வருவதாக இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, மைக்கில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது? காலையில் பதினொரு மணிக்கு அவர் வீட்டில் தனியாக இருப்பார். நான் ஆபீஸில் இருப்பேன். என் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட உனக்கு இல்லை. அடையாறிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்.

சுகிர்தா


அடையாறு
20-2-1996

சுகிக்கு,

இது ஊழியத்து லெட்டர் பேப்பர் இல்லை. பெரியவளின் ரஃப் நோட்டில் கிழித்தது. 'தேவ கிருபையால் சுகம்' என்று எழுதப்போனேன். கை நின்றுவிட்டது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. எனக்கும் லேசாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த சாட்சியைச் சொல்லக் கூடாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போனேன். உன் கடிதம் கைப்பையில் இருந்தது. பாட்டு முடிந்தது. என் வீட்டுக்காரர் மைக்கை என்னிடம் நீட்டினார். ஜனங்கள் அமைதியானார்கள். நான் ஆரம்பித்துவிட்டேன், சுகி. வாய் தானாகப் போனது. ஹாஸ்டல், கடிதம், மேட்ரன். முடிவு வரும்போது நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீ வந்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாய். இந்தத் தடவை நீ அழவும் செய்தாய். அதை நான் புதிதாகச் சேர்த்தேன். உன் கடிதம் கைப்பையில் இருக்கும்போதே.

இறங்கி வந்ததும் ஒரு வயதான அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷமாகப் பேசாத தங்கச்சியிடம் நாளைக்கே போய்ப் பேசப்போகிறேன் என்றார்கள். அவர்கள் போவார்கள், சுகி. நான் இட்டுக்கட்டியதைக் கேட்டு அவர்கள் நிஜமாகப் போய் நிற்பார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

அங்கிளிடம் ஏன் வர முடியவில்லை என்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அன்றைக்கு விசிட்டர்ஸ் ரூமில் உன் அப்பா என்னைத் திட்டவில்லை. 'பயப்படாதேம்மா, உண்மையை மட்டும் சொல்லு. அந்த லெட்டர் உன்னுதா?' என்றார். நான் 'இல்ல அங்கிள்' என்றேன். அவர் என் தலைமேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மணப்பாறை முறுக்கு. நம் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி வந்ததாம். அதை முழுவதும் என் கையில் கொடுத்துவிட்டு, 'நீயாவது நல்ல பிள்ளையா இரும்மா' என்றார்.

அதை நான் தின்றேன், சுகி. நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த முறுக்கு எல்லாவற்றையும் தின்றேன். காலையிலிருந்து பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. நல்ல பசி. ருசியாகவும் இருந்தது. பொய் சொன்னதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்கிறேன். அது ருசியாக இருந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உமரையும் அதற்குப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். உனக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார், எனக்கு என்ன என்று கேட்கவில்லை. பதில் சொல்லாமல் எதிர்ப்பக்கம் நடந்துவிட்டேன்.

நாளைக்கு சாம்பல் புதன், பாவத்துக்கு வருந்துகிற நாள். அப்படியும் என்னால் அங்கிள் முகத்தைப் பார்க்க முடியாது. கூப்பிடாதே.

ஹெப்சி


மந்தைவெளி
29-2-1996

ஹெப்சிக்கு,

முறுக்கு விஷயம் எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி ரயிலில் அவர் என்னோடு பேசாமலே வந்தார். விழுப்புரத்தில் மட்டும் 'டீ வேணுமா' என்றார். எனக்கு ஒன்றும் வாங்கி வராமல் வந்துவிட்டாரே என்று அந்த நிலைமையிலும் ஒரு ஓரத்தில் வருத்தம் இருந்தது. இப்போது தீர்ந்தது.

நீ எழுதியதைப் படித்து எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ மேடையில் நின்று திண்டாடியதையும் எங்கேயாவது ஓடிவிட நினைத்ததையும் மூன்று தடவை படித்தேன். நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னேன். அப்பா உள்ளிருந்து 'என்னம்மா' என்றார். பால்காரனைச் சொன்னேன் என்றேன். அப்படி நானும் ஒரு பொய் சொன்னேன், பாவம் அந்தப் பால்காரன்.

பதினோரு வருஷம் ஆமென் சொன்னேன் என்று எழுதினேன் இல்லையா? ஒவ்வொரு ஆமென்னுக்கும் உள்ளே உன்னைத்தான் திட்டினேன். இவர் எனக்குக் கேட்கிற மன்னிப்பு உனக்குக் கிடைக்காமல் போகட்டும் என்று. அப்படித் திட்டித் திட்டி ஆமென் எனக்கு இனித்தது. நீ ஒரு முறுக்குக்கு இப்படி அழுகிறாய். நான் தினம் ஒன்று தின்றிருக்கிறேன்.

எங்கள் சபையில் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். தலைவியம்மா அடிக்கடி சொல்வார்கள். டீ ஊற்றும்போது எதிர்த்துப் பேசாதவள் எல்லாம் பொறுமைசாலிதான்.

நான் உன்னை மன்னிக்கவில்லை, ஹெப்சி. மன்னித்துவிட்டேன் என்று எழுதி அனுப்பினால் நீயும் நானும் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அது நீ காசெட்டில் செய்ததைப்போலத்தான் ஆகும். அதனால் எழுத மாட்டேன்.

வரச் சொல்லி இனிமேல் கேட்கவும் மாட்டேன். கெஞ்சி வரவழைத்தால் அது உன் வருகையாக இருக்காது. அப்பா நேற்று படியேறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சுகிர்தா


அடையாறு
14-3-1996

சுகிக்கு,

நீ மன்னிக்கவில்லை என்று எழுதியதைப் படித்தபோது, ஏன் என்று தெரியவில்லை, மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் யாரோ ஒருவர் என்னிடம் பொய் சொல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை. அந்த சாட்சியின் கடைசிப் பகுதி நடக்கவே இல்லை, அந்தக் காசெட்டை இனிமேல் கொடுக்க வேண்டாம் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'இது எத்தனை பேருக்குத் தெரியும்?' என்று கேட்டார். அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கேள்வியை நானும்தான் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காசெட் ஏற்கெனவே ஊரெல்லாம் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க முடியாது. மிச்சம் இருந்ததை ஸ்டாலிலிருந்து எடுத்துவைத்திருக்கிறேன். நான் இனிமேல் மேடையில் பேசப்போவதில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதனால் உனக்கு ஆவதொன்றும் இல்லை என்று தெரியும். அதனால் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

ஹெப்சி


மந்தைவெளி
6-4-1996

அன்புள்ள ஹெப்சி,

இன்றைக்கு சனிக்கிழமை. நேற்று பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. மற்றபடி நானும் அப்பாவும் தேவ கிருபையால் நலம். பழக்கத்தில் எழுதவில்லை. எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதினேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். மேஜைமேல் மணப்பாறை முறுக்குப் பொட்டலம். நூல்கூடப் பிரிக்கவில்லை. அப்பா ஈஸி சேரில் உட்கார்ந்திருந்தார். 'யார் வந்தாங்கப்பா?' என்றேன். 'ஜெபத்துக்கு நேரமாச்சு, மூஞ்சி கழுவிட்டு வா' என்றார். அவரைத் தெரியும் இல்லையா, ஏழு மணி என்றால் ஏழு மணிதான்.

ஆனாலும் எனக்குப் புரிந்துவிட்டது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, மூஞ்சி கழுவாமல் அப்படியே நின்றேன்.

முழங்காலில் நின்றேன். அப்பா நாற்காலியில் இருந்தபடி ஆரம்பித்தார். தேசம் வந்தது. மழை வந்தது. பேராயர், தம்பி, தம்பி பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் வந்தது. 'வழிதப்பிப்போன என்' என்று சொன்னார். அதோடு நிறுத்திவிட்டார். நெஞ்சு வலியோ என்று பயந்துபோய்க் கண்ணைத் திறந்தேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபத்தின் நடுவில் அவர் கண் திறந்து நான் பார்த்ததே இல்லை.

'அந்தப் பிள்ளை வந்திருந்தா. ஹெப்சிபா. எல்லாம் சொல்லிட்டா' என்றார். அப்புறம், 'பதினோரு வருஷம் ஆண்டவர்கிட்ட உன் பேரைத் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்' என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரியாது, எனக்கு மட்டும் வாங்கிக்கொள்ளத் தெரியுமா என்ன? 'மிச்சத்தை நீ பண்ணும்மா' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வீட்டில் நான் வாய்விட்டு ஜெபம் பண்ணியதே இல்லை, ஹெப்சி. என்ன சொல்வது? அவர் விட்ட இடத்திலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்? 'ஹெப்சியையும்' என்றேன். அதற்குமேல் 'மன்னியும்' என்று சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. 'ஆசீர்வதியும்' என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. அப்படியே நிறுத்திவிட்டேன். அப்பா ஆமென் என்றார். பிறகு நானும் சொன்னேன். அந்த ஆமென்னில் உன்னைத் திட்டவில்லை. அதுவரைக்கும் நிச்சயம்.

நீ வந்த கதையை அப்பா சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நீ உட்காரவே இல்லையாம். அழவும் இல்லையாம். அதுதான் எனக்கு ஆச்சரியம். 'அந்த லெட்டரெல்லாம் எனக்கு வந்தது அங்கிள். சுகி பேர்ல வர வெச்சது நான்தான். அன்னைக்கு உங்க கை என் தலைமேல இருக்கும்போதுகூடச் சொல்லாம நின்னேன்' என்றாயாம். அவ்வளவுதானாம். மன்னியுங்கள் என்றுகூடக் கேட்கவில்லையாம். அப்பா 'போம்மா' என்றாராம். நீ பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாயாம். 'அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, வெயில் வேளை, ஒரு தண்ணிகூடக் குடுக்கல' என்று அப்பா இரண்டு நாளாகப் புலம்புகிறார்.

இன்னொன்று. வியாழக்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்கிற முனியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். 'யாரும்மா அந்தம்மா? மூணு தபா வந்துச்சு. கேட்டாண்ட நின்னுக்கினே இருக்கும், அப்பால திரும்பிப் பூடும். இன்னா வோணும்னு கேட்டா ஒண்ணியும் இல்லேன்னு சொல்லிக்கினே நடக்கும். நேத்து நான்தான் கேட்டத் தொறந்துவுட்டு, இன்னாவா இருந்தாலும் உள்ள போய் சொல்லும்மா, வெயில்ல மயங்கி வுயுந்துடப் போறேன்னேன்' என்றாள். முதல் தடவை வந்தது மார்ச் முதல் வாரமாம். மார்ச் பதினாலாம் தேதிக் கடிதத்தில் நீ இதை எழுதவில்லை. பஸ்ஸில் வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதை வைத்து நீ ஒரு கூட்டமே நடத்தியிருக்கலாம். என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாய். அதைக் கேட்டதும்தான் நான் அழுதேன். முனியம்மாள் பயந்துபோய்விட்டாள்.

நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். உன்னை மன்னிப்பது இன்னும் முழுசாக ஆகவில்லை. சில நேரம் ஆகிவிட்டதுபோல இருக்கிறது, தெருமுனையில் ஒரு கல்யாணப் பந்தலைப் பார்த்தால் மறுபடி இல்லை என்றாகிறது. கட்டிப்பிடிப்பதெல்லாம் இப்போதைக்கு என்னால் முடியாது. வருகிறவள் அதை எதிர்பார்த்து வரக் கூடாது.

பொட்டலத்தை நேற்று ஆராதனை முடிந்து வந்துதான் பிரித்தோம். அப்பாவுக்குப் பல் இல்லை, டீயில் நனைத்து நனைத்து ஒன்று சாப்பிட்டார். நான் இரண்டு தின்றேன். நீ சொன்னது சரிதான், ருசியாகத்தான் இருக்கிறது.

இன்னும் பாதி இருக்கிறது. டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு டப்பா மூடி சரியாகப் பொருந்தாது. நமத்துப்போவதற்குள் வந்துவிடு. நான் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வா.

சுகி